எண்ணுகிறவனின் கை

நிழலில் உட்காருங்கள் சார். அந்தக் கல் வேண்டாம், வெயில் குடித்துச் சூடாக இருக்கும். இந்தப் படியில் உட்காருங்கள். நிலம் அளக்க உங்களோடு வந்த சங்கிலி ஆள் போய் வி.ஏ.ஓ.வைக் கூட்டிக்கொண்டு வர முக்கால் மணி நேரம் ஆகும். பாலத்தில் வேலை நடக்கிறது, பைக்கில் போனாலும் சுற்றித்தான் வர வேண்டும்.

சற்று முன்னால் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். அதோ அந்தச் சுவரில் ‘இங்கே முதலாளி இல்லை’ என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சிரித்தீர்கள். “கம்யூனிஸ்ட் கையில போனா எல்லாம் இப்படித்தான் பெரியவரே. ஒருத்தன் ராசா ஆயிருவான், மத்தவன் பட்டினி கெடப்பான். சரிதானே?” என்றீர்கள். நான் பேசாமல் இருந்தேன். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். நான் உடனே பதில் சொல்கிறவன் இல்லை.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். ரஷ்யா, சீனா எல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு தீப்பெட்டி ஆலை. நூற்றுப் பன்னிரண்டு பேர். ஆறு வருஷம், நான்கு மாதம். இதை வைத்து உலகத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சுவருக்குள் நடந்ததில் ஒரு எண்கூடத் தவறாமல் சொல்வேன். எண்ணுவதுதான் என் வேலை.

உண்மையாகவே அதுதான் வேலை. பெட்டிக்கு ஐம்பது குச்சி. கட்டுக்கு ஒரு பெட்டியை உருவி, கொட்டி, எண்ணி, குறைந்தால் அந்தக் கட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு வருஷத்தில் எண்ணாமலே தெரிந்துவிட்டது. கையில் வாங்கினால் போதும், நாற்பத்தேழு என்பேன். நாற்பத்தேழு இருக்கும். ‘குச்சி தவசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். முழுப்பெயர் தவசிலிங்கம். அதை யாரும் சொன்னதில்லை.

எண்பத்தொன்றில் முதலாளி ஆலையைப் பூட்டிவிட்டு மதுரைக்குப் போய்விட்டார். பதினொரு மாதம் பூட்டு. அந்தப் பதினொரு மாதமும் இந்த வாசலில் பந்தல் போட்டு எங்களை உட்கார வைத்திருந்தவர் தோழர் அய்யலுசாமி. மருந்து முக்குகிற வேலை பார்த்தவர், சங்கத் தலைவர். கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்து, கடைசியில் தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்திக்கொள்ளலாம் என்று ஆர்டர் வாங்கிவந்தார். பூட்டை உடைத்த அன்று அவர் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? முதலாளி உட்கார்ந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் வைத்து, தரை கூட்டுகிற கிழவி சுப்பம்மாளை அதில் உட்காரச் சொன்னார். “இதுல உக்காந்தா என் முதுகு வலிக்குமே தோழரே” என்று அவள் எழுந்துவிட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

அவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவீர்கள். எல்லோருக்கும் ஒரே சம்பளம், அவருக்கும் அதேதான். மத்தியானத்துக்குப் பொதுச் சமையல். ஆளுக்கு மூன்று அகப்பை கம்பங்கஞ்சி, ஒரு துவையல். உறுப்பினர் பெற்ற பிள்ளைகளும் வந்து குடிக்கலாம். கடைசி ஆள் குடித்த பிறகுதான் அவர் உட்காருவார். ஒருநாள் கஞ்சி தீர்ந்துவிட்டது. சட்டியை அலசிய தண்ணீரைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம். எந்த முடிவும் எல்லோரும் சேர்ந்துதான். முதல் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னார். அப்போதுதான் வெள்ளத்தாய் எழுந்தாள். பெட்டி அடைக்கிற பிரிவு. புருஷன் இல்லை, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. சொன்னேனே சுப்பம்மாள், அவளுடைய மருமகள்.

“தோழரே, கையத் தூக்குனா எங்க அத்த பாக்கும். பாத்துட்டு வீட்டுல போயி கரண்டியத் தூக்கும். இதுக்கு வேற வழி இல்லையா?”

சுப்பம்மாள், “ஏட்டீ, நான் என்னைக்குட்டீ கரண்டியத் தூக்குனேன்?” என்று கத்த, கூட்டமே சிரிப்பு. வெள்ளத்தாய் சிரிக்காமல் சொன்னாள்: “நம்மகிட்ட இல்லாததா? குச்சி இருக்குல்ல. மருந்துள்ள குச்சின்னா சரிங்கிறது. வெறுங்குச்சின்னா வேண்டாங்கிறது. மூடி வச்சுப் போடுவோம். தவசி அண்ணாச்சி எண்ணட்டும். அவுகதான் எப்பவும் எண்ணிக்கிட்டே இருக்காகளே.”

அப்படித்தான் அந்த முறை வந்தது. முக்குகிற அறை வாசலில் சாக்குப் படுதா. வெளியே இரண்டு தட்டு, ஒன்றில் மருந்துக் குச்சி, ஒன்றில் வெறுங்குச்சி. ஒவ்வொருவரும் இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டு படுதாவுக்குள் போக வேண்டும். உள்ளே இரண்டு கலயம். துணி கட்டிய கலயத்தில் போடுவதுதான் ஓட்டு. மிச்சக் குச்சியை மற்றதில் போட்டுவிட்டு வர வேண்டும். யார் எதைப் போட்டார் என்று போட்டவருக்கும் சாமிக்கும்தான் தெரியும். நானும் போடுவேன். என்ன போட்டேன் என்று கேட்காதீர்கள், அது ரகசியம்.

இரண்டு வருஷம், எண்பத்தாறு கூட்டம் அப்படி நடந்தது. தோழர் சொன்னது எழுபத்தொன்பது தடவை ஜெயித்தது. ஏழு தடவை தோற்றது. தோற்ற ஏழு தடவையும், “சரி, சபை சொல்லிருச்சு” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். அதிலே ஒரு கம்பீரம் இருந்தது. பக்கத்து ஆலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். எங்கள் பெண்கள் அவர்கள் எதிரில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து பேசுவார்கள். நான் பொய் சொல்லவில்லை சார். அப்படி ஒரு காலம் இங்கே இருந்தது. இரண்டு வருஷம்.

வெள்ளத்தாயைப் பற்றி நீங்கள் வேறு மாதிரி நினைக்கக் கூடாது. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. அதனால் சொல்கிறேன். வேறு எண்ணம் ஒன்றும் கிடையாது. அவள் என்னிடம் தனியாகப் பேசியதே கொஞ்சம்தான். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

மூன்றாவது வருஷம் மிஷின் தீப்பெட்டி வந்தது. ஒரு மிஷின் நாற்பது பேர் வேலையைச் செய்யும். எங்கள் பெட்டிக்கு விலை விழுந்தது. மருந்துக்கு வேண்டிய பொட்டாஷ் கிடைக்கவில்லை. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மிஷின் எந்தக் கட்சியிலும் இல்லை. கஷ்டம் வெளியிலிருந்துதான் முதலில் வந்தது.

தோழர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். தினமும் மூன்று மணி நேரம் கூடுதல் வேலை, கஞ்சி மூன்று அகப்பையிலிருந்து இரண்டு. “ஆறே மாசம். பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னுட்டா மிஷின்காரனே நம்மகிட்ட வருவான்.”

குச்சி போட்டோம். நூற்றொன்பது பேர் வந்திருந்தார்கள். மருந்துக்குச்சி ஐம்பத்தொன்று. வெறுங்குச்சி ஐம்பத்தெட்டு.

தோழர் துண்டை உதறவில்லை. “அடுத்த வாரம் மறுபடியும் பாப்போம்” என்றார்.

அடுத்த வாரம் நூற்றுப்பத்து பேர். மருந்துக்குச்சி ஐம்பது. வெறுங்குச்சி அறுபது.

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் போனால் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பார்வை. “பதினோரு மாசம் இவுகளுக்காகத்தான் ரோட்டுல கெடந்தேன்” என்றார், யாரிடமும் இல்லை, பொதுவாக. பிறகு என்னைப் பார்த்து, “தவசி, சரியா எண்ணுனியா?”

“மூணு தரம் எண்ணினேன் தோழர்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். தலைவர் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. காப்பி கொடுத்தேன். குடிக்கவில்லை. “இந்தக் குச்சி முறையில தப்பு வர வழி இருக்கா? நீ பொய் சொல்ல மாட்ட. அதான் உன்கிட்ட கேக்கேன்.”

நான் யோசித்தேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் இல்லையா? “மருந்து உதிரலாம் தோழர். கலயத்தை எடுத்துக் கொட்டும்போது ஒன்று ரெண்டு தலை உடையும். மருந்துக்குச்சி வெறுங்குச்சி மாதிரி ஆகும்.”

“நூத்துக்கு எத்தன?”

தெரியாததைச் சொல்லக் கூடாது. இரண்டு நாள் தவணை கேட்டேன். நூறு மருந்துக்குச்சியைக் கலயத்தில் போட்டுக் குலுக்கி எண்ணினேன். நூற்றுக்கு நான்கு உதிர்ந்தது. போய்ச் சொன்னேன். “நூற்றுக்கு நாலு தோழர்.”

அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னார்: “தோழர்களே, நூத்துக்கு நாலு குச்சி பொய் சொல்லுது. நான் சொல்லல, தவசி சொல்றாரு. தொழிலாளியோட வாக்கை ஒரு குச்சி மாத்தலாமா? முதலாளிக்குப் பயந்த காலத்துலதான் மூடி வைக்கணும். இப்ப யாருக்குப் பயம்? நெஞ்ச நிமித்திக் கையத் தூக்குங்க.”

கைதட்டினார்கள். என் பெயரைக் கூட்டத்தில் சொன்னதும் எனக்கு வேர்த்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

நீங்கள் கணக்குத் தெரிந்தவர், கவனித்திருப்பீர்கள். நூற்றுக்கு நான்கு என்றாலும் முடிவு மாறாது. அறுபதில் நான்கைக் கழித்து ஐம்பதில் கூட்டினால் ஐம்பத்தாறு, ஐம்பத்து நான்கு. தோழர் தோற்றுத்தான் இருப்பார். அது மட்டும் இல்லை. உதிர்ந்த குச்சியையும் வெறுங்குச்சியையும் பிரித்துவிடலாம். மருந்தில் முக்குவதற்கு முன்னால் குச்சியை மெழுகில் முக்குவோம். மருந்து உதிர்ந்தாலும் நுனியில் மெழுகு இருக்கும். நகத்தால் கீறினால் வழவழவென்று வரும். வெறுங்குச்சியில் வராது. அந்த அறுபது குச்சியையும் நான் அன்றைக்கே கீறிப் பார்த்துவிட்டேன். இரண்டில்தான் மெழுகு இருந்தது.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் கேட்டது, தப்பு வர வழி இருக்கிறதா என்று. தப்பைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வெள்ளத்தாய் அன்றைக்கு வாசலில் என்னை நிறுத்தினாள். “என்ன அண்ணாச்சி, எங்குச்சிய நீங்களே ஒடிச்சுப்போட்டீகளே?” என்றாள். “நான் உள்ளதைத்தான் சொன்னேன்” என்றேன். “உள்ளதெல்லாத்தையுமா?” என்றாள். நான் வந்துவிட்டேன்.

கை தூக்குவதை எண்ணுவது கஷ்டம் சார். ஆட்கள் கலைந்து உட்கார்ந்தால் ஒரே கையை இரண்டு தரம் எண்ணிவிடுவோம். அதனால் டோக்கன் நம்பர் வரிசைப்படி உட்கார வைத்தால் தவறு வராது என்று நான்தான் யோசனை சொன்னேன். வரிசைக்குப் பத்துப் பேர். நான் பக்கவாட்டில் நடந்துகொண்டே எண்ணுவேன். எந்த நம்பர் தூக்கியது, எந்த நம்பர் தூக்கவில்லை என்று மேடையிலிருந்து பார்த்தாலே தெரியும். அது என் நோக்கம் இல்லை. எண்ணிக்கை சரியாக வர வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் ஏற்பாடானது. “எண்ணுறவன் கை வேலையில இருக்கு, அவனுக்கு ஓட்டு வேண்டாம்” என்றார் தோழர். எனக்கு அது நிம்மதி. கூட்டத்தில் கையைத் தூக்குவது என்றாலே எனக்கு ஆகாது.

முதல் கை ஓட்டில் அதே திட்டத்தைத்தான் வைத்தார்கள். என்னைத் தவிர்த்து நூற்றேழு பேர். ஆதரவு தொண்ணூற்றொன்று. எதிர்ப்பவர்கள் தூக்குங்கள் என்றார். ஒரு கையும் இல்லை. “பதினாறு பேர் ரெண்டுக்கும் தூக்கல தோழர், அதை எங்கே எழுத?” என்று கேட்டேன். “அத எழுத வேண்டாம்” என்றார்.

ஆறே மாதம் என்ற திட்டம் மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் அவர் தோற்கவில்லை. இரண்டு அகப்பை ஒன்றரை ஆனது. ஒன்றரை ஒன்றானது. மூன்று மணி நேரம் நான்கானது. வெளியே போவதற்கு அனுமதிச் சீட்டு. விலகிப் போகிறவருக்குப் பங்கு கிடையாது. ‘விழிப்புக் குழு’ என்று ஐந்து பேர், யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதற்கு. ஒவ்வொன்றுக்கும் கை தூக்கினோம். அதாவது தூக்கினார்கள். நான் எண்ணினேன்.

தோழர் ஒரு பைசா தொட்டதில்லை. அவருக்கும் ஒரு அகப்பைதான். அதே இரண்டு சட்டை. கண்ணெல்லாம் குழிவிழுந்துவிட்டது. அவர் திருடியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும், திருடன் என்று சொல்லித் தள்ளியிருப்போம். எங்களைவிட அதிகமாகப் பட்டினி கிடக்கிற மனிதரிடம் என்ன கேட்பது? “நான் உங்களுக்காகத்தானே” என்பார். உண்மைதான்.

வெள்ளத்தாய் மட்டும் பேசினாள். சமையல் கொட்டகையில் எல்லோரும் கேட்கச் சொன்னாள்: “முதலாளி இருந்தப்ப முதலாளிக்கு மட்டுந்தான் பயம். இப்பப் பக்கத்துல உக்காந்திருக்கவளப் பாத்தும் பயமாருக்கு.” சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு மேடைக்குப் போய்விட்டது. பிறகு அவள் ஒரு தாளில் கைநாட்டு வாங்க ஆரம்பித்தாள். குச்சிக் கலயத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று. நாற்பத்தொரு கைநாட்டு. என்னிடமும் வந்தாள்.

“நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவுக. கையெழுத்தாவே போடலாம்.”

“எண்ணுறவன் ஒரு பக்கம் சாயக் கூடாது” என்றேன்.

“சாய வேண்டாம். நேரா நின்னு போடுங்க” என்றாள்.

நான் மறுநாள் பார்ப்போம் என்றேன். மறுநாள் அந்தத் தாள் தோழர் மேசையில் இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. நான் இல்லை.

அந்தச் சனிக்கிழமை, வெள்ளத்தாயை உறுப்பினரிலிருந்து நீக்குவது என்று தீர்மானம். நீக்கினால் வேலை இல்லை, கஞ்சி இல்லை, அவளுக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் தொண்ணூற்றெட்டு. என்னைக் கழித்து, அவளைக் கழித்து, தொண்ணூற்றாறு கை. அவளை முன்னால் நிற்க வைத்திருந்தார்கள். கைகட்டி நிற்கச் சொன்னார்கள். அவள் கட்டவில்லை, இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை அந்தக் கதவு ஓரத்தில்.

“நீக்குறதுக்குச் சம்மதமானவுக கையத் தூக்குங்க.”

நான் முதல் வரிசையிலிருந்து நடந்தேன். வரிசைக்கு நான்கு, ஐந்து, ஆறு, மூன்று. கடைசி வரிசையை முடித்துவிட்டு நின்றேன். எனக்கே ஆச்சரியம். இன்னொரு தரம் மனதுக்குள் கூட்டினேன்.

“நாற்பத்தெட்டு.”

தொண்ணூற்றாறில் நாற்பத்தெட்டு. சரிபாதி. சரிபாதி வந்தால் தீர்மானம் நிற்காது, அது எங்கள் விதி. ஒரு கை குறைகிறது. கை தூக்காதவர்களில் சுப்பம்மாளும் இருந்தாள். மாமியார் தூக்கவில்லை. மருமகளைப் பிடிக்காதவள், ஆனாலும் தூக்கவில்லை.

தோழர் என்னைப் பார்த்தார். “சந்தேகமா இருக்கு. மறுபடி எண்ணு.”

எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லை தோழர் என்று சொல்ல வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது வெள்ளத்தாய் திரும்பினாள். அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, எண்ணுறது கெடக்கட்டும். உங்க கை எங்க?”

தொண்ணூற்றெட்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தொண்ணூற்றேழு. என்னைக் கழிக்க வேண்டும். அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை. எனக்கு ஒரு கை பென்சிலில் இருந்தது, ஒரு கை நோட்டில் இருந்தது.

“எண்ணுறவனுக்குக் கை கிடையாது” என்றேன். விதி அதுதானே.

அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. சின்னப் பிள்ளை தவறிக் கொட்டிவிட்டால் சிரிப்போமே, அப்படி. அந்தக் கேள்வி என்னிடம் அவள் தனியாகப் பேசியதாகச் சேருமா, கூட்டத்தில் பேசியதாகச் சேருமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. சேர்த்தால் நாற்பத்திரண்டு தடவை.

தோழர் மேடையிலிருந்து இறங்கி வரிசைக்குள் வந்தார். ஒவ்வொரு வரிசை முன்னாலும் கொஞ்சம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, நின்றார், அவ்வளவுதான். நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனேன். ஆறாவது வரிசையில் சுப்பம்மாள் கதவோரம் நிற்கிற பேத்தியைப் பார்த்தாள். தானும் போய்விட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு அகப்பைக்கும் வழி இல்லை. சேலையை வாயில் வைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள். முழங்கை அளவுக்குத்தான் தூக்கினாள். அதை எண்ணலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எண்ணினேன்.

அறுபது.

முதல் எண்ணிக்கையும் சரி சார், இரண்டாவதும் சரி. இரண்டிலும் தவறு இல்லை.

வெள்ளத்தாய் அன்றைக்கே திருப்பூர் பஸ் ஏறிவிட்டாள். பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போனாள். ஐந்து மாதம் கழித்து வந்து கூட்டிக்கொண்டு போனாள். அந்த ஐந்து மாதமும் சுப்பம்மாள் தன் ஒரு அகப்பையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பாள்.

அதற்குப் பிறகு என்ன? ஆட்கள் சொல்லாமல் போனார்கள். கடைசிக் கூட்டத்துக்கு வந்தது பத்தொன்பது பேர். மறுநாள் கரண்டு இணைப்பை வெட்டப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தோழர் தன் தலைமையில் நம்பிக்கை இருக்கிறதா என்று கை தூக்கச் சொன்னார். என்னைக் கழித்துப் பதினெட்டுப் பேரும் தூக்கினார்கள். நான் எழுதினேன், ‘ஏகமனதாக’.

அவர் போய்ச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கடைசிக் காலத்தில் கோவில்பட்டியில் ஒரு ஒற்றை அறையில் இருந்தார். நான் போயிருந்தேன். கொடியில் அந்த இரண்டு சட்டையும் தொங்கியது. படுத்தபடியே கேட்டார்: “தவசி, அந்த ரெண்டாவது குச்சி ஓட்டுல நெசமாவே எத்தன உதிர்ந்துச்சு?”

“ரெண்டு தோழர். மெழுகு வச்சுப் பாத்தேன்.”

“அப்ப தெரியுமா உனக்கு?”

“அன்னைக்கே தெரியும்.”

“ஏன்டா சொல்லல?”

“நீங்க கேக்கல தோழர்.”

அவர் சிரிக்க முயன்றார், இருமல் வந்துவிட்டது. “சொல்லிருந்தா உன்னையும்ல அனுப்பியிருப்பேன்” என்றார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

திருப்பூருக்கும் ஒரு தரம் போனேன். முகவரி சுப்பம்மாள் சாகிறதற்கு முன்னால் கொடுத்தது. எதற்குப் போனேன் என்றால், அந்த மெழுகு விஷயத்தை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று. வேறு எண்ணம் ஒன்றும் கிடையாது. லைன் வீடு, எட்டாவது கதவு. தலை முழுவதும் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

“வாங்க அண்ணாச்சி. என்ன எண்ண வந்தீக?”

டீ கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டாள்: “அன்னைக்குக் கடைசியில எனக்கு எதிரா கை தூக்காதவுக எத்தன பேரு?”

“முப்பத்தாறு.” அதற்கு நான் யோசிக்க வேண்டியதில்லை.

“உங்களச் சேத்தா?”

“எண்ணுறவனைச் சேர்க்கிறது இல்லை.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். இன்னும் இரண்டு மடக்கு இருந்தது.

“அப்ப முப்பத்தாறுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வாசலில் நின்றேன். அவள் திரும்பி வரவில்லை.

இவ்வளவுதான் சார் எனக்குத் தெரிந்தது. கம்யூனிசம் என்றாலே இப்படித்தான் முடியுமா என்று கேட்டீர்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடியும் ஒரு நூற்றுப் பன்னிரண்டு பேர் எங்கேயாவது சேரலாம். நல்ல தலைவரும் கிடைக்கலாம். கலயமும் குச்சியும் வைக்கலாம். எப்படி இருந்தாலும் எண்ணுவதற்கு என்னைப் போல ஒரு ஆள் வேண்டும்தானே? அது எங்கேயும் கிடைக்கும்.

பைக் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டார்கள் போல. சட்டையில் தூசி, தட்டிவிட்டு எழுந்திருங்கள்.

என்ன சார்? வடக்கு எல்லைக் கல் இங்கிருந்து தெரியவில்லையா? ஆமாம், கருவேல் மண்டிவிட்டது. அங்கே ஒரு ஆள் போய் நின்று கையைத் தூக்கினால் அதைக் குறி வைத்து அளக்கலாமா?

நானா?

இல்லை சார். அதற்கு உங்கள் ஆளை அனுப்புங்கள். நான் சங்கிலியை எண்ணுகிறேன். அதில் தவறு வராது.